நாலரை மணிக் கொடி

ஓடுகிறவர்களைக் கண்டாலே சுலோச்சனாவுக்கு ஆகாது. ஏழு வருஷமாக ஞாயிறு தவறாமல் அவர்களோடு ஓடிக்கொண்டிருக்கிறாள். ஆகாமல் போனதே அதனால்தான். விடிகிறதற்கு முன்பே பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைக்குக் காரில் வந்து இறங்கி, அந்தக் காரையே பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கி, ராத்திரி தூக்கமே இல்லை என்று ஒருவருக்கொருவர் அங்கலாய்த்துக்கொள்வார்கள். பெரும்பாக்கத்திலிருந்து அந்த நேரத்துக்கு வந்து சேர அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் மட்டும் மரியாதையாகப் பதில் சொல்லிவிடப் போகிறாளா என்ன.

வயது நாற்பத்தொன்று. சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, வெள்ளம் வந்த மறு வருஷம் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றப்பட்டுப் பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் இறக்கிவிடப்பட்டவள். புருஷன் வேலு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவளுக்கு அடையாறு காந்தி நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பெருக்கித் துடைக்கிற வேலை. வீடு மாறியதே தவிர வேலை மாறவில்லை. முன்பு நடந்து போன இடத்துக்கு இப்போது இரண்டு பஸ்.

அந்தக் குடியிருப்பின் நாலாவது மாடியில் கணேசமூர்த்தி இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் மூன்று மாடித் துணிக்கடை. சர்க்கரை வியாதி வந்த பயத்தில் ஓட ஆரம்பித்து, ஓடினதில் சர்க்கரை இறங்கி, இறங்கின சந்தோஷத்தில் 'உப்புக்காற்று ரன்னர்ஸ்' என்று ஒரு குழுவையே தொடங்கி அதற்குத் தலைவரும் ஆகிவிட்டவர். ஞாயிறுகளில் ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று சுலோச்சனாவைத்தான் கூப்பிட்டார். அவளும் மேசை போட்டு, டம்ளர் அடுக்கி, இவர்கள் பாதி குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நாள் மேசையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டதாக ஒரு அம்மாள் சத்தம் போட்டாள். அடுத்த திருப்பத்தில்தான் இருக்க வேண்டுமாம். சுலோச்சனாவுக்குச் சுள்ளென்று வந்தது. இரண்டு கையிலும் ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் தாண்டி, அவர்கள் வருவதற்குள் திருப்பத்தில் தண்ணீரோடு நின்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் பத்தாவது படிக்கையில் மாவட்ட அளவில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடியவள் என்பது இவர்களுக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கணேசமூர்த்தி அவள் காலுக்கு ஷூவும் கைக்கு ஒரு கொடியும் கொடுத்தார்.

கொடி என்றால் நீளக் குச்சியில் கட்டின சின்னக் கொடி. அதில் 4:30 என்று எழுதியிருக்கும். மாரத்தான் நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் நாலரை மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர்கள் இந்தக் கொடியின் பின்னால் ஓடிவந்தால் போதும். கொடி பிடிப்பவருக்குப் பேசர் என்று பெயர். பின்னால் வரும் கும்பலுக்கு பஸ் என்று பெயர். தங்கள் வேகத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவர்களுக்கு இன்னொருத்தர் வேகத்தை வாடகைக்கு எடுப்பதற்கு இத்தனை பெயர்.

ஆனால் அந்த வேலையில் சுலோச்சனாவை மிஞ்ச ஆள் கிடையாது. கையில் வாட்ச் கட்ட மாட்டாள். பெசன்ட் நகர் சாலையில் ஒரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் முப்பத்திரண்டு எட்டு வைத்தால் அது நாலரை மணி நேர ஓட்டம். அதை உடம்பில் ஏற்றிக்கொண்டுவிட்டாள். மேம்பாலம் ஏறினாலும் சரி, எதிர்க்காற்று அடித்தாலும் சரி, நாலு மணி இருபத்தொன்பது நிமிஷம் ஐம்பது விநாடிக்கு முன்னாலும் வரமாட்டாள், நாலரைக்குப் பின்னாலும் வரமாட்டாள். பின்னால் வருகிறவர்களை அவள் பார்ப்பதில்லை, கேட்பாள். காலடிச் சத்தத்தை வைத்தே யாருக்குக் குதிகால் வலிக்கிறது, யார் இன்னும் இரண்டு கிலோமீட்டரில் உட்காரப்போகிறார் என்று சொல்லிவிடுவாள். சத்தம் நின்றால் மட்டும் திரும்பிப் பார்த்து ஒரு அதட்டல் போடுவாள். அதட்டலுக்குப் பயந்தே எழுந்து ஓடி முடித்தவர்கள் உண்டு.

கொடியோடு ஊர் ஊராகப் போனாள். ஹைதராபாத், கொச்சி, கோயம்புத்தூர், மும்பை. குழு விமானத்தில் போகும். அவள் கொடிக் குச்சிகளும் பேனரும் கட்டின மூட்டையோடு ஸ்லீப்பர் கோச்சில் போவாள், குச்சி உடைந்துவிடக்கூடாது என்று கூடவே வைத்துக்கொண்டு தூங்குவாள். பதினோரு முழு மாரத்தான் ஓடியிருக்கிறாள். அத்தனையிலும் முடிவுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பேசர்களின் நம்பர் அட்டையில் நேரத்தைப் பதிவு செய்யும் சிப் இருக்காது. கொடியில் எழுதியிருப்பதுதான் அவள் நேரம், அதை எதற்குத் தனியாகப் பதிய வேண்டும் என்றார்கள். போட்டோக்களிலும் அவள் முதுகுதான். ஒரு தடவை பாண்டி பஜாரில் சேலை கட்டிக்கொண்டு நின்றவளை, ஐந்து வருஷமாக அவள் பின்னால் ஓடிவரும் மயிலாப்பூர் நீரஜா, "கொஞ்சம் வழி விடுங்கோ" என்று சொல்லித் தாண்டிப் போனாள். வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் ஜப்பான் வந்தது. ஜப்பானில் நடக்கும் ஒரு மாரத்தானுக்கு, குழுவிலிருந்து ஒரு பெண்ணைத் தன் கடைச் செலவில் அனுப்புவதாகக் கணேசமூர்த்தி அறிவித்தார். ஜனவரி மாதச் சென்னை ஓட்டத்தில் மூன்று மணி நாற்பது நிமிஷத்துக்குள் முடிக்கும் பெண்களில் முதல் ஆளுக்கு அந்த இடம். சுலோச்சனா மாடிப்படியைத் துடைத்துக்கொண்டே அவரை நிறுத்தி, நானும் உங்கள் குழுவில்தானே இருக்கிறேன் என்று கேட்டாள். ஆமாம் இருக்கிறாய் என்று சிரித்தார் அவர். அந்தச் சிரிப்புக்காகவே ஓடிக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு வந்துவிட்டது. ஜப்பானில் என்ன பார்க்கப் போகிறாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பட்டியலில் தன் பெயர் வர வேண்டும், அப்புறம் தன் பின்னால் எவரும் ஒட்டிக்கொண்டு வராத ஒரு ரோட்டில் ஓட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ஐந்து மாதம் பயிற்சி. காலையில் வேலைக்குப் போகும் முன் பெரும்பாக்கத்துச் சாலையில் நாய்களோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் எட்டு மாடியும் ஏறி இறங்கினாள். முப்பத்திரண்டு எட்டை இருபத்தேழாகக் குறைக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து நிமிஷம் எட்டு விநாடி. ஏழு வருஷமாக மெதுவாக ஓடிப் பழகின உடம்பு கேட்கவில்லை. கால் தானாக முப்பத்திரண்டுக்கே திரும்பியது. அந்த முப்பத்திரண்டைத் தன் காலில் யாரோ கட்டிவிட்டதாகவே நினைத்து அவள் மனசுக்குள் குழுவிலிருந்த அத்தனை பேரையும் பெயர் சொல்லித் திட்டினாள். திட்டத் திட்டக் கால் நீண்டது. பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், நீ எதுக்கும்மா வெளிநாடு என்று கேட்டபோது, ஓடிப்போகத்தான் என்றாள்.

போட்டிக்கு ஒரு மாதம் முன்பே கணேசமூர்த்தியிடம் இந்தத் தடவை கொடி பிடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தன் காசைக் கட்டித் தன் பெயரில் சிப் வைத்த நம்பர் அட்டை வாங்கிவிட்டாள். சரி, கொடியை நம் குழுப் பையன் தௌசீஃப் பிடிக்கட்டும், எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். சொல்லவும் செய்தார். குழுவின் வாட்ஸ்அப்பில் கார் எங்கே நிறுத்துவது, இட்லியா பொங்கலா, பனியன் என்ன கலர் என்பதற்கெல்லாம் நடுவில் ஒரு வரி போட்டார். அந்த வரியை எவரும் படிக்கவில்லை.

போட்டி அன்று கிளம்பும் இடத்தில் இன்னும் இருட்டு. தௌசீஃப் பின்வரிசையில் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பாவியாக நின்றான். சுலோச்சனா முன்னால் போய் நின்றாள். வழக்கமாக அவள் பின்னால் ஓடுகிற பதினான்கு பேர் அவளைத் தேடிக் கண்டுபிடித்து வந்து நின்றார்கள். ஏன் இவ்வளவு முன்னால் நிற்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த முதுகு அவர்களுக்குத் தெரியும். அந்தப் பின்னல் எப்படி ஆடும் என்றுகூடத் தெரியும். கொடியை விட்டுவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டார்கள்.

மணி அடித்தது. அவள் கிளம்பினாள். மூன்றாவது கிலோமீட்டரில், சாந்தோம் தாண்டும்போதே பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. எல்லாம் பழகின கால்கள். நீரஜாதான் முதலில் மூச்சிரைத்துக்கொண்டே பேசினாள்.

"சுலோச்சனா, இன்னிக்குக் கொஞ்சம் வேகமாப் போயிண்டிருக்கே போலிருக்கே?"

"நான் இன்னிக்குக் கொடி இல்ல மேடம். என் பின்னால வந்துக்கினு இருக்காதீங்க. நின்னுடுவீங்க."

பின்னால் சிரிப்பு எழுந்தது. அவள் எப்போதும் இப்படித்தான் வெடுக்கென்று பேசுவாள் என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கினார். எல்லார் மணிக்கட்டிலும் விலையுயர்ந்த வாட்ச்கள் துடித்துத் துடித்து வேகம் அதிகம் என்று எச்சரித்தன. ஆனந்தகுமார் என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர், மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் வாட்ச் தப்பாகத்தான் காட்டும், அதைப் பார்க்காதீர்கள், அக்காவைப் பாருங்கள் என்று தைரியம் சொன்னார். பார்த்தார்கள்.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அடையாறு பாலத்தில் ஏறும்போது திரும்பி நின்று, முகத்தைக் காட்டி, போங்கள் என்று கத்தியிருக்கலாம். சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அவள் சொல்லவில்லை. சொல்லாததற்கு நேரமில்லை என்பது காரணமும் இல்லை. ஏழு வருஷமாக இவர்களுக்காகத் தன் காலைக் குறுக்கி ஓடினாள். இன்றைக்கு அவர்கள் அவள் வேகத்தில் ஓடிப் பார்க்கட்டும் என்று இருந்தது. அது கெட்ட எண்ணம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அது இனித்தது. கம்பத்துக்கு இருபத்தேழு என்று எண்ணிக்கொண்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரிலிருந்து கால்கள் உதிர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாகச் சத்தம் தேய்ந்தது. இருபதில் ஒருவரும் இல்லை. வெயில் ஏறியது. முப்பத்தைந்துக்கு மேல் அவளுக்கே தொடை கல்லானது, வாயில் நுரை கட்டியது, இருபத்தேழு என்று எண்ணவும் தெம்பில்லாமல் வெறுமனே திட்டிக்கொண்டே ஓடினாள். முடிந்ததும் போனில் செய்தி வந்தது. சுலோச்சனா வி., மூன்று மணி முப்பத்தாறு நிமிஷம் நாற்பது விநாடி. கண்ணாடி இல்லாததால் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நாலு தடவை படித்தாள். குழுவின் பெண்களில் அவள்தான் முதல். மூன்று நிமிஷம் கழித்து ஷண்முகப்ரியா என்று இருபத்தாறு வயதுப் பெண் வந்தாள்.

பின்னால் வந்த பதினான்கு பேரில் ஓட்டத்தை முடித்தவர்கள் மூன்று பேர். அவர்களும் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் எடுத்து நொண்டிக்கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் வழியெல்லாம் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். நீரஜாவுக்கு மருத்துவக் கூடாரத்தில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். தௌசீஃபின் கொடி தன்னந்தனியாகச் சரியாக நாலரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் பற்றி எரிந்தது. துரோகம் என்று ஒருவர் எழுதினார். ஆறு மாத உழைப்பு பாழ் என்று இன்னொருவர். ஒரு பேசரை நம்பக்கூடாதென்றால் யாரைத்தான் நம்புவது என்று ஆனந்தகுமார் இங்கிலீஷில் நீளமாக எழுதினார். அவள் கொடி பிடிக்கவில்லை என்பதை தௌசீஃப் மட்டும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அது சட்டப்படி சரியாக இருக்கலாம், தர்மப்படி சரியா என்று அவன் வாயை அடைத்தார்கள். தப்பான ஆளின் பின்னால் போனோம் என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் தயாராக இல்லை.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கடைக்கு வரச்சொல்லி கணேசமூர்த்தியிடமிருந்து ஆள் வந்தது. வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வேலுவின் ஆட்டோவிலேயே தி.நகர் போனாள். வழியெல்லாம் அவன் புத்தி சொல்லிக்கொண்டு வந்தான்.

"இன்னாமே இப்ப? ரெண்டு வரி சாரி கேக்கணும், அவ்ளோதான கீது? கேட்டுட்டு ஜப்பான் போய் வந்துக்கினே இரு. ரோஷத்தைக் கட்டிக்கினு பிளேன்ல ஏற முடியுமா இன்னா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கேட்டுவிடலாம் என்றுதான் அவளும் படியேறினாள். பட்டுச் சேலைப் பகுதிக்கு மேலே, கடையின் ஆபீஸ் அறையில் கணேசமூர்த்தியும் குழுவின் ஆட்கள் ஏழெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நீரஜா கையில் ஊசி குத்தின இடத்தில் பிளாஸ்திரியோடு வந்திருந்தாள். உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். அவ்வளவு மரியாதை எதற்கென்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. கணேசமூர்த்தி ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். அவரே எழுதி வைத்திருந்தார். இதைக் குழுவில் போட்டுவிட்டால் எல்லாரும் மறந்துவிடுவார்கள், டிக்கெட்டுக்குச் சொல்லிவிடலாம் என்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. கடையில் வாடிக்கையாளர் சண்டையைத் தீர்க்கிற மாதிரி இதையும் தீர்க்கப் பார்த்தார்.

சுலோச்சனா தாளைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். என் வேகத்தைத் தவறாகக் கணித்து ஓடிவிட்டேன், பின்னால் வந்தவர்களை நான் கவனிக்கவில்லை, மன்னிக்கவும் என்று இருந்தது.

மன்னிக்கவும் என்பதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. அதை நூறு தடவை வேண்டுமானாலும் போடுவாள். வேலைக்குப் போகிற இடத்தில் தினமும் நாலு பேரிடம் சொல்கிற வார்த்தைதான் அது. ஆனால் வேகத்தைத் தவறாகக் கணித்தாளாம். ஏழு வருஷத்தில், பதினோரு ஓட்டத்தில், பத்து விநாடி தப்பாதவள் தவறாகக் கணித்தாளாம். அவளிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். பெரிய படிப்பு இல்லை, ஊருக்குள் வீடு இல்லை, முகம்கூட இவர்களுக்குத் தெரியாது. அதையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு ஜப்பானில் போய் எந்தக் காலை வைத்து ஓடுவது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"சாரி கேக்குறேன் சார். ஸ்பீடு தப்பாப் போச்சுன்னு மட்டும் போட மாட்டேன். அது தப்பல."

"ஏம்மா, தெரியாம நடந்ததுதானே? அதைச் சொல்லு, முடிச்சுருவோம்," என்றார் கணேசமூர்த்தி.

"தெரிஞ்சுதான் சார் ஓடுனேன். கிலோமீட்டருக்கு அஞ்சு நிமிசம் எட்டு செகண்டு. முதல்லருந்து கடேசி வரிக்கும் அதான். பின்னால யாரு வந்துக்கினு இருந்தாங்கன்னும் தெரியும். ஆனந்தகுமார் சார் பன்னெண்டுல மூச்சு வாங்குனாரு, பதினாலுல உட்டுட்டாரு. அந்தப் பச்சை பனியன் சார் அதுக்கு அடுத்த கம்பத்துல. நீரஜா மேடம் பதினெட்டு வரிக்கும் வந்தாங்க. எடது கால இழுத்துக்கினு வந்தாங்க, அப்பால சத்தம் இல்ல."

அறையில் யாரும் காபியைத் தொடவில்லை. தெரியாமல் செய்தாள் என்றால் அவர்களால் மன்னிக்க முடியும். அதற்குத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். நீரஜாதான் மெதுவாகக் கேட்டாள்.

"நான் நின்னது உனக்குக் கேட்டுதா? கேட்டுமா திரும்பிப் பார்க்கலை?"

சுலோச்சனா முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஏழு வருசமா நீங்கள்லாம் நின்னப்ப நான்தான் மேடம் திரும்பிப் பாத்தேன். நான் ஓடுன அன்னிக்கு உங்கள்ல ஒருத்தர்கூட நான் ஓடுறேன்னு பாக்கல."

நீரஜா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கணேசமூர்த்தி தாளை இழுத்து நாலாக மடித்தார். அடுத்த பெயர் ஷண்முகப்ரியாதானே என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். ஜப்பான் போய்விட்டது. சுலோச்சனாவுக்கு அழுகை முட்டியது, அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக வெறுத்தாள். ஆனாலும் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு மணிக்கு வேலையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து படியிறங்கினாள்.